முயல் மேல் போட்ட பழி

வேலிக்கு வெளியே இருந்த அடிக்கட்டைகள் தழைத்திருந்தன. உள்ளே இருந்தவை மொட்டையாக நின்றன. இப்படி ஒரு கூத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை. மான் வரக்கூடாது என்று ஆளுயரத்துக்கு மேல் இன்னும் அரை ஆள் உயரம் கம்பிவலை இழுத்துக் கட்டிய காடு அது. வேலிக்குள் அடங்காமல் விடுபட்ட சாலையோரத் துண்டில், என் கடை வாசலில் என்னுடைய இரண்டு நாய்களும் புரண்டுகொண்டு கிடக்கிற இடத்தில், வெட்டின அடிமரம் ஒவ்வொன்றும் கொத்துக் கொத்தாகக் கம்பு விட்டு என் தலைக்கு மேலே போய்விட்டது. உள்ளே முழங்காலைத் தாண்டியது ஒன்று இல்லை.

நான் ரம்பம் தீட்டுகிறவன். என் கடைக்கும் அந்தக் காட்டுக்கும் நடுவில் கம்பிவலைதான் சுவர். காடு என்றதும் புலி, கரடி என்று நினைக்க வேண்டாம். ஒரு குடும்பத்துக்குச் சொந்தமான மலைச்சரிவு, அவ்வளவுதான். மண்வெட்டி, கோடாரி, சுத்தியல், எதற்கெல்லாம் பிடி வேண்டுமோ அதற்கெல்லாம் அந்தச் சரிவிலிருந்துதான் மரம் வந்தது. சரிவைப் பங்கு பங்காகப் பிரித்து, வருஷத்துக்கு ஒரு பங்கை அடியோடு வெட்டுவார்கள். வெட்டின கட்டை சாகாது. மழை விழுந்ததும் சுற்றிலும் துளிர் விடும். அந்தத் துளிர் எட்டொன்பது வருஷத்தில் கைக்கு அடங்குகிற கம்பாகும். கடைசிப் பங்கை வெட்டி முடிக்கும்போது முதல் பங்கு மறுபடி தயாராக நிற்கும். எத்தனையோ காலமாக இப்படித்தான் நடந்தது. நடுவில் மான் பெருகியது, எல்லாம் கெட்டது.

மானுக்குப் பிடித்ததே அந்தத் துளிர்தான். கட்டை துளிர்க்கும், மான் கடிக்கும். வேரில் சேர்த்து வைத்திருப்பதை எடுத்துக் கட்டை மறுபடி துளிர்க்கும். மான் மறுபடி கடிக்கும். மூன்று வருஷம் தாங்கும், நாலு வருஷம் தாங்கும். அப்புறம் வேரில் எடுக்க ஒன்றும் இருக்காது. செத்த கட்டையை எந்த மழையும் எழுப்பாது. விதை விழுந்து முளைக்கிறதையும் மான் விட்டுவைக்காது. அப்புறம் அங்கே முள்ளும் கோரையும்தான்.

காட்டின் சொந்தக்காரியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். சந்தையில் அவளுக்குப் பெயர் பிடிக்காரம்மா. பிடி கடைகிற பட்டறையிலிருந்து அவள் குரல் கிளம்பினால் என் கடையில் அரம் தானாக நிற்கும். வாங்குவது, விற்பது, கடைகளுக்குச் சரக்கு அனுப்புவது எல்லாம் அவள். கடைசல் மெஷினும் காடும் அவள் வீட்டுக்காரர் பொறுப்பு. அவருக்கு ஊர் வைத்த பெயர் நிதானம். வீடு தீப்பிடித்தாலும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவார். எனக்கு மாமா முறை. நல்ல மனுஷன் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொன்னவன்தான். இப்போது அந்த வார்த்தையைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது.

அக்காவுக்கு ஒரு தம்பி, பஸ் ஓட்டுகிறவன். காட்டில் பாதி அவன் பெயரில் இருந்தது. அந்த வருஷம் மழைக்கு முன்னால் வந்து, பட்டறை வாசலில் மரத்தூள் மூட்டை மேல் உட்கார்ந்து, மனசில் இருந்ததைச் சொல்லிவிட்டான்.

"அக்கா, வேலி போட்டு நாலாவது மழை இது. இந்த மழைக்கும் வரலைன்னா என் பாதியக் கல்குவாரிக்காரனுக்குக் குடுத்துடுவேன். அப்புறம் என் மேல கோவிச்சுக்கக் கூடாது."

"கல்லை உடைக்கிறவன் உன் பாதியோட நிப்பானா? அவன் வெடி வெச்சா என் பாதி எங்கடா நிக்கும்?"

"அதுக்கு நான் என்ன பண்றது? மரமே இல்லாத காட்டை வெச்சு நீ என்ன பண்ணப் போற? அழகு பாக்கப் போறியா?"

"வரும்டா. அந்த முயலை ஒழிச்சிட்டா வந்துடும்."

"மூணு வருஷமா முயல் முயல்ங்கிற. அந்த முயலோட வாலையாவது நான் பாத்திருக்கேனா?"

மாமா உள்ளே ஒரு கோடாரிப் பிடியை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே வழவழவென்று இருந்த பிடி. அதையே மறுபடி மறுபடி தேய்த்தார்.

முயல் கதையை ஆரம்பித்ததே அவர்தான். வேலி போட்ட முதல் மழையிலேயே துளிர் கடிபட்டது. அக்கா பதறிப்போய்க் கேட்டதற்கு, "மான் இல்ல, முயல். பாரு, கத்தியால வெட்டின மாதிரி சாய்வா இருக்கு" என்றார். அப்படித்தான் இருக்கும். மானுக்கு மேல்வாயில் முன்பல் கிடையாது. கொழுந்தைப் பிடித்து இழுத்துப் பிய்க்கும்; நுனி நார் நாராகத் தொங்கும். முயல் கடித்தால் சாய்வாக, சுத்தமாக இருக்கும். காட்டு வேலையில் பிறந்து வளர்ந்த அக்காவுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் காட்டிய நுனியைப் பார்த்தாள், சாய்வாக இருந்தது, நம்பினாள்.

அடுத்த வெயில் காலம் முழுக்க அவள் வேலியின் காலடியில் பொடிக்கண் வலை ஒன்றைச் சுற்றிலும் கட்டினாள். குனிந்தே கட்டினாள். மண்ணுக்குள் ஒரு சாண் இறக்கி, கல் வைத்து மூடி, மிதித்து. கூலிக்கு விட்டால் ஒழுங்காக இறக்கமாட்டார்கள் என்று தானே கட்டினாள். அன்றைக்குப் போன முழங்கால் இன்றுவரை சரியாகவில்லை. அதற்கப்புறம் அவளால் சரிவு ஏற முடியவில்லை. கீழ்ப்பாதையோடு கொஞ்ச தூரம் நடந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவாள். மேலே போவது மாமா மட்டும்தான். விடிந்ததும் கவாத்துக் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்புவார். காய்ந்ததைக் கழித்துவிட்டு வருகிறேன் என்பார்.

தம்பி போன பிறகு அக்கா என் கடைக்கு வந்து, சாலையோரக் கட்டைகளையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏம்ப்பா, இந்த முயலுக்கு உன் வாசல் மட்டும் தெரியலையா?"

"நாய் இருக்குல்லக்கா."

"நாய்க்குப் பயப்படுற முயலு, நான் கட்டின வலைய மட்டும் தாண்டிடுமா? எவனோ கம்பியை அறுத்து விடுறான். எவன்னும் எனக்குத் தெரியும். செருப்பைப் போடு."

அவள் நினைத்தது மேலே முகட்டில் விடுதி நடத்துகிறவரை. விருந்தாளிகள் மான் பார்க்க வேண்டும் என்று உப்புக்கட்டியும் கிழங்குத் தோலும் கொட்டி மானைப் பழக்கினவர் அவர்தான். அந்தப் பக்கத்தில் யாருடைய நிலத்திலும் ஒரு கன்று தலைதூக்காமல் போனதற்கு அவரும் ஒரு காரணம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எனக்கும் அவரைப் பார்த்தால் ஆகாது. உற்சாகமாகவே கிளம்பினேன். அவள் முழங்காலுக்காக ரோட்டு வழியாகச் சுற்றி, நின்று நின்று போனோம்.

வரவேற்பறையில் சாவிகளைத் துடைத்து மாட்டிக்கொண்டிருந்தவர் திரும்பினார். "வாங்கம்மா, டீ சொல்லட்டுமா?"

"டீ இருக்கட்டும். என் வேலியை எந்த இடத்துல அறுத்து வெச்சிருக்கீங்க?"

"எந்த வேலியை?"

"ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்காதீங்க. உப்பு வெச்சு மானை வளர்த்தது நீங்கதானே? உங்க விருந்தாளி கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்க என் பொழப்புல மண்ணைப் போடுவீங்களா?"

அவருக்கும் முகம் சிவந்தது. "உப்பு வெச்சேன், இல்லேங்கல. இப்ப வெக்கிறதில்ல. எதுக்கு வெக்கணும்? காலைல கதவைத் திறந்தா உங்க வேலிக்குள்ளயே நிக்குது. வர்றவங்க பால்கனியில உக்காந்தே படம் எடுத்துக்குறாங்க. நீங்க ஆசையா வளர்க்குறீங்கன்னு நான் நெனச்சிட்டு இருக்கேன், நீங்க என்னடான்னா என்கிட்ட சண்டைக்கு வர்றீங்க."

"வேலிக்கு உள்ள மானா? வாய்க்கு வந்ததப் பேசாதீங்க."

"மாடிக்கு வந்து பாத்துட்டு அப்புறம் திட்டுங்க."

அக்கா கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறினாள். பால்கனியில் இரண்டு நாற்காலி, யாரோ குடித்துவிட்டு வைத்த கோப்பை. கீழே அவள் காடு முழுவதும் விரிந்து கிடந்தது. அவள் காட்டை அவளே அந்தப் பக்கமிருந்து பார்த்ததில்லை. நடுச்சரிவில் ஒரு பள்ளம், பள்ளம் நிறைய முட்புதர். முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் ஒரு காது அசைந்தது. பெரிய பெட்டை மான் ஒன்று படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் இன்னொரு பெட்டை, கொம்பு முளைத்த கிடா ஒன்று, அவற்றை ஒட்டி இரண்டு குட்டிகள். சொந்த வீட்டுத் தொழுவம் போலக் கிடந்தன.

 விடுதிக்காரர் டீ கொண்டுவரச் சொன்னார். அக்கா அதைக் குடிக்காமல் இறங்கினாள்.

வேலியை ஒட்டியே நடந்து வந்தோம். கம்பி ஒரு இடத்தில் கூட அறுபடவில்லை. அவள் இறக்கிய பொடிவலையும் வைத்தது வைத்தபடி இருந்தது. மேல்வாசலைத் திறந்து உள்ளே போனதும் முதல் கட்டையிலேயே நின்றாள். நுனியெல்லாம் நார் நாராகத் தொங்கியது. அடுத்த கட்டையிலும் அதே நார். வலிக்கிற காலை இழுத்துக்கொண்டு சரிவு முழுக்கப் பார்த்தபடி இறங்கினாள். கீழ்ப்பாதைக்கு வந்ததும் நுனிகள் சாய்வாக, சுத்தமாக மாறின. ஒன்றை ஒடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"முயல் கடிச்சா ரெண்டு பல்லு வரி இருக்கும். இது ஒரே இழுப்பு" என்றாள். "மேல எல்லாம் நாரு. நான் வர்ற பாதையில மட்டும் சாய்வு. இந்த முயலுக்கு நான் எதுவரைக்கும் நடப்பேன்னு தெரிஞ்சிருக்கு, பாத்தியா?"

அந்தக் குச்சியையும் மேலே ஒடித்த நார்க்குச்சி ஒன்றையும் மடியில் கட்டிக்கொண்டாள்.

வீட்டில் மாமா சாப்பாட்டு மேஜையில் அவித்த கிழங்கைத் தோல் உரித்துக்கொண்டிருந்தார். அக்காவுக்காக உரித்த கிழங்கைத் தனித்தட்டில் வைத்து, மேலே உப்பும் நறுக்கின வெங்காயமும் போட்டிருந்தார். அந்தத் தட்டில் அவள் இரண்டு குச்சிகளை வைத்தாள்.

"இது எது கடிச்சது?"

மாமா கிழங்கைக் கீழே வைத்தார். "மான்."

"இது?"

அவர் உரித்த தோலை ஒன்றாகச் சேர்த்தார்.

"சொல்லுங்க. உங்க கத்திக்கு எத்தனை பல்லுங்க?"

அவர் மேஜையைப் பார்த்துத்தான் பேசினார். "வேலி போட்டப்ப, கடைசி ரெண்டு வேலிக்காலுக்கு நடுவுல நான் வலை இழுக்குறப்ப பள்ளத்துல அந்த மான் நின்னுச்சு. அப்பதான் குட்டி போட்டிருந்தது. ரெண்டு. ஈரம் கூடக் காயல. துரத்திவிட்டா தாய் ஓடிடும், குட்டிங்க உள்ள மாட்டிக்கும். மழை வேற வந்துடுச்சு. சரி, இப்ப மூடுவோம், ரெண்டு நாள்ல திறந்து விட்டுக்கலாம்னு மூடிட்டேன்."

"ரெண்டு நாள்."

"அப்புறம் பாத்தா குட்டி புதரை விட்டு வெளிய வரல. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்னு விட்டேன். அதுக்குள்ள துளிர் கடிபட்டு நீ வந்து கேட்டுட்ட. நீ இருந்த கோவத்துல, மான்னு சொன்னா அன்னைக்கே நாயை விட்டிருப்ப."

"நானா?" அக்காவின் குரல் ஏறவில்லை, இறங்கியது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "நான் என்ன பண்ணியிருப்பேன் தெரியுமா? ரெண்டு காலுக்கு நடுவுல வலையைக் கழட்டிப் போட்டுட்டு, குட்டி தாயோட கிளம்புற வரைக்கும் வாசல்ல உக்காந்திருப்பேன். போனதும் மூடியிருப்பேன். அவ்வளவுதான் வேலை. இத்தனை வருஷம் கூட இருந்து என்னை இவ்வளவுதான் புரிஞ்சு வெச்சிருக்கீங்களா?"

"நான் உன்னைக் குறை சொல்லல…"

"நான் மண்ணுக்குள்ள கையை விட்டு வலை இறக்குனப்ப யாரு பக்கத்துல உக்காந்து கல்லு எடுத்துக் குடுத்தது?"

"நான்தான்."

"ஒரு கல்லு குடுக்குறப்பவாவது சொல்லணும்னு தோணலையா உங்களுக்கு?"

"தோணுச்சு. நாளாக ஆக எப்படிச் சொல்றதுன்னு தெரியல." நிறுத்திவிட்டு, அந்த மனுஷன் இதையும் சொன்னார்: "குட்டிங்க வேலிக்கு அடியில இருந்த சந்துல நுழைஞ்சு போயிடும்னு பாத்துட்டே இருந்தேன். நீ வலை கட்டிட்ட."

எனக்கு அவரை அறைந்துவிடலாம் போல இருந்தது. அக்கா தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போய்ப் பட்டறையில் உட்கார்ந்துகொண்டாள். அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

மேகம் இறங்க ஆரம்பித்திருந்தது. மழை விழுந்து துளிர் வருவதற்குள் மான் வெளியே போயாக வேண்டும். இந்தத் துளிரையும் கடிகொடுத்தால் கட்டைகளுக்கு இன்னொரு முறை துளிர்க்க வேரில் தெம்பு இருக்காது. தம்பி லீவு போட்டு வந்தான். விடுதிக்காரர் தன் வேலையாட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். அக்கம்பக்கத்தில் ஏழெட்டுப் பேர் சேர்ந்தோம். மேல்பக்கம் மூன்று காலுக்கு வலையைக் கழற்றிச் சுருட்டி வைத்தோம். மாமாவைக் கீழ்வாசலில் உட்காரச் சொல்லிவிட்டாள் அக்கா.

"நாயை விட்டா ஒரே ஓட்டமா ஓடிடும்க்கா" என்றான் தம்பி.

"கம்பியில மோதிக் கழுத்து ஒடிஞ்சு சாகும். அதுங்க என்னடா பாவம் பண்ணுச்சு? நாயைக் கட்டு."

தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு கீழிருந்து வரிசையாக ஏறினோம். மான்கள் பள்ளத்திலிருந்து எழுந்து மேலே ஓடின. வலை இருந்த கோடு வரைக்கும் ஓடி, அங்கே சடாரென்று நின்றன. எதிரே ஒன்றுமே இல்லை, திறந்த வெளி. ஆனாலும் தாண்டவில்லை. திரும்பி எங்களுக்கு நடுவில் புகுந்து கீழே பாய்ந்தன. மறுபடி ஏற்றினோம், மறுபடி அதே இடத்தில் நின்று திரும்பின. அன்றைக்கு ஈரம் காயாத குட்டிகளாக இருந்த இரண்டும்தான் இப்போது கிடாவும் இன்னொரு பெட்டையும்; தாயைத் தவிர மற்ற எல்லாம் உள்ளேயே பிறந்தவை. அந்தக் கோட்டுக்கு அப்பால் கால் வைக்கலாம் என்பதே அவற்றுக்குத் தெரியாது. விடுதி ஆள் ஒருவன் வழுக்கி விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டான். எங்களுக்கெல்லாம் தொண்டை கட்டிவிட்டது.

அப்போதுதான் மாமா வந்தார். சாலையோரக் கட்டைகளில் கை நிறையத் தழை வெட்டி எடுத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் ஏறி வந்தார். யாரையும் பார்க்கவில்லை. பள்ளத்துக்கு மேலே நின்று நாக்கால் "த்சு, த்சு" என்றார். புதருக்குள்ளிருந்து பெரிய பெட்டை எழுந்து நேராக அவரிடம் வந்தது. கிடா வந்தது. குட்டிகள் வந்து அவர் கையிலிருந்த தழையை இழுத்துத் தின்றன. அவர் மேலே நடந்தார், ஐந்தும் பின்னாலேயே நடந்தன. வலை இருந்த கோட்டை அவர் தாண்டினார். தாய் தாண்டியது. கொஞ்சம் தயங்கிவிட்டு மற்றவையும் தாண்டின.

விடுதிக்காரர் கைதட்டினார். இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு, தினம் தினம் தன் கையால் ஊட்டியிருக்கிறார். கீழ்ப்பாதையில் கத்தியால் நறுக்கின நுனியெல்லாம் எங்கே போயிற்று என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அக்கா சுருட்டி வைத்த வலையை இழுத்துக்கொண்டு முதல் காலுக்குப் போய்விட்டாள். நானும் ஒரு முனையைப் பிடித்தேன். முறுக்குக் கம்பியைக் குறட்டால் இறுக்கினாள்.

"அக்கா, மாமா வெளிய இருக்காரு" என்றான் தம்பி.

"தெரியும்டா. உள்ள யாரு, வெளிய யாருன்னு பாத்துட்டுத்தான் மூடுறேன்."

மான்களை முகட்டுக்கு மேலே விட்டுவிட்டு மாமா திரும்பி வந்தபோது வலை ஏறிவிட்டிருந்தது, மேல்வாசலும் பூட்டியிருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நான் எப்படி வர்றது?"

"ரோடு இருக்குல்ல. சுத்தி வாங்க."

"கவாத்து வேலை பாக்கி இருக்கே."

"இந்தக் காட்டுல இனிமே உங்களுக்கு வேலை இல்லீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த முடிச்சுக்கு நகர்ந்தாள்.

இரண்டு நாளில் மழை பிடித்துக்கொண்டது. ஊர் வாய் சும்மா இருக்குமா? வாயில்லா ஜீவனுக்கு இரங்கினதற்கு இப்படி ஒரு தண்டனையா, பாவம் நல்ல மனுஷன் என்றார்கள். தீட்டக் கொடுத்த ரம்பத்தை வாங்க என் கடைக்கு வந்தவனும் சொன்னான். காட்டுக்கு மட்டும் வாய் இருக்கிறதா என்று கேட்டு அனுப்பினேன். மாமா தினமும் வந்து என் வாசலில் நின்று, "துளிர்த்துச்சாப்பா?" என்பார். அக்காவிடம் கேளுங்கள் என்பேன். கேட்க மாட்டார். அவள் எதிரே கேட்க வேண்டியதை என் வாசலில் கேட்பது எனக்கு எரிச்சலாக வந்தது.

மழை விட்ட ஒரு நாள், அக்காவும் தம்பியும் நானும் ஏறினோம். ஓரங்களில் துளிர்த்திருந்தது. நல்ல கொழுந்து, கடிபடாத நுனி. தம்பி குனிந்து தொட்டுப் பார்த்தான். பள்ளத்தைச் சுற்றிலும், மான்கள் தினமும் மேய்ந்த நடுச்சரிவு முழுக்க, ஒன்றும் இல்லை. அக்கா ஒரு கட்டையில் நகத்தை வைத்து அழுத்தினாள். பட்டை ஓடு போலப் பெயர்ந்து வந்தது. அடுத்ததிலும் அப்படியே. ஏறக்குறையப் பாதிக் காடு செத்துப்போயிருந்தது.

"குவாரிக்காரனுக்கு இல்லைன்னு சொல்லிடறேன்க்கா" என்றான் தம்பி. "வந்தவரைக்கும் காப்பாத்துவோம். ஆனா செத்ததுக்கு யாரு பதில் சொல்றது?"

அக்கா கடப்பாரையால் ஒரு கட்டையை நெம்பினாள். வேர் பிடிப்பே இல்லாமல் வந்துவிட்டது. நான் தூக்குகிறேன் என்றதற்கு விடவில்லை. காலை இழுத்து இழுத்து, மார்போடு அணைத்தபடி தானே சுமந்துகொண்டு இறங்கினாள். பட்டறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மாமாவின் முன்னால், மெஷின் பலகை மேல் அதை வைத்தாள். மண் உதிர்ந்தது.

"இதுல ஒரு கோடாரிப் பிடி கடைஞ்சு குடுங்க."

மாமா மெஷினை நிறுத்தினார். கட்டையைத் திருப்பினார், தட்டினார். விரல் பட்ட இடம் பொடியாக விழுந்தது.

"என்ன, பாத்துட்டே இருக்கீங்க?"

"இது செத்த கட்டைம்மா. பிடிக்கு ஆகாது."

"எது கடிச்சு செத்துச்சு?"

மாமா என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மழைத்தண்ணீர் கூரையிலிருந்து வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது. 

"மான்" என்றார்.

"இன்னும் மேல எக்கச்சக்கமா இருக்குங்க" என்றாள் அக்கா. "ஒவ்வொண்ணா தூக்கிட்டு வர்றேன். ஒவ்வொண்ணுக்கும் சொல்லுங்க."

கடப்பாரையை எடுத்துக்கொண்டு மறுபடி சரிவு ஏறினாள்.